மிளகாய்ச் சண்டை

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இந்தக் கட்டில்ல உட்காருங்க. டேப் ரிக்கார்டரை முக்காலியில வைங்க. சிவப்பு லைட்டு எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தமா? சரி, ஓடட்டும்.

வர்ற வழியில கடற்கரையில பார்த்திருப்பீங்களே, துணி போட்டு மூடி நிக்குதே ஒரு கல்லு. எட்டடி உயரம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அதைத் திறக்கப் போறாவ. பங்குச் சாமியார் மந்திரிப்பாரு, பேண்டு வாத்தியம் வருது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் உண்டு. துணிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். கல் கொத்துற இடத்துக்கே போய்ப் பார்த்துட்டு வந்தேன். தோணித் தண்டல் கயித்தான் மச்சாது ஒரு மிளகாய் மூட்டையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கான். முன்னாடி கடல்ல ஜப்பான்காரன் நீர்மூழ்கிக் கப்பல். ஓரமா, இந்தா, என் சுண்டுவிரல் அளவுக்கு, ஒருத்தன் தண்ணிக்குள்ள தலைகுப்புற விழுதான். ரெண்டு காலு மட்டும்தான் வெளிய தெரியும்.

அந்தக் காலு என் காலு சார்.

அதனாலதான் உங்களுக்குக் கார்டு போட்டேன். சண்டைக் காலத்துல கடல்ல நடந்த அதிசயங்கள்ல எது நெசம், எது கட்டுக்கதைன்னு பிரிச்சுப் புஸ்தகம் போடப்போறேன், தெரிஞ்சவங்க எழுதுங்கன்னு பேப்பர்ல கேட்டிருந்தீங்கல்லா. படிச்ச அன்னைக்கு நான் நல்லாத் தூங்கினேன். நாளைக்கு ஊர் முன்னாடி, கயித்தான் மகன் ரெமிஜியுஸ் மாலையும் கழுத்துமா நிக்கும்போது, நீங்க எந்திரிச்சு இது பொய்னு ஒரு வார்த்தை சொல்லணும். மெட்ராஸ்ல இருந்து வந்த படிச்சவர் சொன்னா கேப்பாவ. குதிச்சான் சொன்னா எவன் கேப்பான்?

குதிச்சான் யாருன்னு பாக்கீங்களா? நான்தான். ஞானஸ்நானத்துல வச்ச பேரு தொபியாஸ் ரோச். கோயில் புஸ்தகத்துல மட்டும்தான் அந்தப் பேரு கிடக்கு. இந்த இன்னாசித்துறையில போய் தொபியாஸ் வீடு எங்கன்னு கேளுங்க, முழிப்பான். குதிச்சான் வீடுன்னு கேளுங்க, நண்டு பிடிக்கிற பயகூடக் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து விடுவான். நீங்களும் அப்படித்தானே வந்தீங்க? மறைக்க வேண்டாம் சார், பழகிப் போச்சு.

பழகிப் போச்சுன்னு சொல்றேன், பழகல. எனக்கு ஒரே மக, மெட்டில்டா. அவளுக்கு வடக்கூர்ல ஒரு நல்ல இடம் அமைஞ்சுது. பையன் கப்பல்ல எலெக்ட்ரீசியன். கல்யாண அறிவிப்பு ஓலை கோயில்ல ஒரு தரம் வாசிச்சாச்சு. ரெண்டாவது வாரம் வாசிக்கிறதுக்குள்ள மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் இங்க வந்து விசாரிச்சிருக்கான். எந்த வீடு? குதிச்சான் வீடு. ஏன் அந்தப் பேரு? ஊர்க்காரனுக்குச் சொல்லக் கேக்கணுமா. எட்டுப் பேர் சண்டை போட்டாவ, ஒருத்தன் பயந்து கடல்ல குதிச்சிட்டான், அவன் மகதான் இவ. அவ்வளவுதான். பயந்தாங்கொள்ளி ரத்தம் எங்களுக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டான். அறுபத்தேழுல நடந்தது. அவ அன்னைக்கு அழக்கூட இல்ல சார். சேலையை மடிச்சுப் பெட்டியில வச்சா, அடுத்த மாசம் வெளியூர்ல டீச்சர் வேலைக்குப் போனா. இப்ப முப்பத்தொம்பது வயசு. தனியாத்தான் இருக்கா. திருவிழாவுக்குக்கூட வரமாட்டா.

அன்னைக்கே முடிவு பண்ணினேன். கயித்தான் மச்சாது செத்து அப்ப மூணு வருஷம் ஆயிருந்துச்சு. செத்தா என்ன, பேரு உயிரோடதானே இருக்கு. அந்தப் பேரு மூஞ்சியில கரியைப் பூசாம நான் கண்ணை மூடமாட்டேன்னு.

ஏன் இத்தனை வருஷம் வாயைத் திறக்கலன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு, வாறேன். முதல்ல ஊர்க்கதையைக் கேளுங்க, அப்புறம் நெசத்தைக் கேளுங்க, அப்பத்தான் ரெண்டும் எவ்வளவு தூரம்னு தெரியும்.

ஊர்க்கதை இது. தண்டல்னா தோணிக்குத் தலைவன், உங்களுக்குத் தெரியும். எங்க தோணி பேரு ஆரோக்கியமாதா. தூத்துக்குடியில இருந்து கொழும்புக்குப் போகையில ஜப்பான்காரன் கப்பல் பக்கத்துல பொங்கி எந்திரிச்சுதாம். தண்டல் அசரலையாம். அடுப்புல மிளகாயைக் கொட்டிப் புகையைக் கிளப்பி அவன் மூஞ்சிக்கு விட்டாராம். மேல நின்ன ஜப்பான்காரனெல்லாம் தும்மித் தும்மி, கண்ணைக் கசக்கிக்கிட்டு மூடியைத் திறந்து உள்ள ஓடினானாம். அந்த ஓட்டை வழியா மிச்ச மூட்டையையும் உள்ள தள்ளி மூடிட்டாராம். போன வருஷத் திருவிழா நாடகத்துல கப்பலே முங்கிப் போச்சு சார். ஜப்பான் கேப்டன் தண்டல் கால்ல விழுந்து தண்ணி கேட்டான். நான் முன்வரிசைக்குப் பின்னாடிதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேஷம் போட்டவன் குதிச்சப்ப எல்லாரும் கை தட்டினாவ.

இப்ப நெசத்துக்கு வருவோம். நான்தான் அந்தத் தோணியில பண்டாரி. பண்டாரின்னா சமையல்காரன். தோணியில எத்தனை மிளகாய் இருக்குன்னு என்னைவிட எவனுக்குத் தெரியும்? ஒரு சிரட்டை நிறைய இருந்துச்சு. அம்புட்டுதான். ஏத்தின சரக்கு முழுக்க வெங்காயமும் கருவாடும். அப்புறம், அன்னைக்குக் காத்து அவன் பக்கமிருந்து எங்க பக்கம் வீசுச்சு. புகை போட்டிருந்தா எங்க கண்ணுதான் அவிஞ்சிருக்கும். துறைமுகத்துக் காயிதத்தை நீங்க பார்த்தேன்னு சொன்னீங்கள்லா, அதுல என்ன இருக்கு? மூணு மூட்டை வெங்காயத்தை எதிரி மேல எறிஞ்சதுன்னு இருக்குல்லா? பார்த்தீங்களா. தண்டல் எழுதிக்கொடுத்தது வெங்காயம். அடுத்த திருவிழாவுக்குள்ள ஊர்க்காரன் வாயில அது மிளகாயாயிட்டு. வெங்காயத்தை வச்சுக் கப்பலை விரட்டினான்னா சிரிப்பான்லா. முதல்ல மூணு மூட்டை, சுதந்திரம் வந்த வருஷம் அஞ்சு, இப்ப பத்து.

அந்த வெங்காயத்தையும் எறியல. அதுதான் விஷயம்.

நாப்பத்திமூணு, மாசி மாசம். எனக்கு இருபத்திமூணு வயசு, சலேத்தைக் கட்டி ஆறு மாசம். அந்தா அடுக்களையில இருக்காளே, அவதான். அவளுக்குக் குரல் எழும்பாது, தொண்டையில ஆபரேஷன் பண்ணினது. அந்த வாரம்தான் வேற ஒரு துறைத் தோணியை ஜப்பான்காரன் சுட்டுத் தள்ளியிருந்தான். கப்பலைப் பார்த்ததும் அவங்க இருக்கிற பாயையெல்லாம் விரிச்சு ஓடியிருக்காவ. ஓடவும் சுட்டுட்டான். பலகையைப் பிடிச்சுக்கிட்டுக் கரை சேர்ந்தவன் ஒருத்தன்தான் சொன்னான். சொல்லியும் என்ன, எங்க முதலாளி உத்தரவும் அதேதான். கப்பலைக் கண்டா பாயை விரிச்சு ஓடு. வேற என்ன செய்ய முடியும், கையில கத்தியும் கரண்டியும்தானே இருக்கு.

இப்ப ஒரு வழக்கத்தைச் சொல்லணும், அது தெரியாட்டி உங்களுக்கு ஒண்ணும் விளங்காது. கொழும்புக்குப் போற எங்க ஊர்த் தோணி எதுவா இருந்தாலும், இன்னாசித்துறைக் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிஞ்சதும் பாயை முழுசா இறக்கிரணும். எல்லாரும் தலைத்துண்டை எடுத்துட்டுக் கோயிலைப் பார்த்து முழங்கால் போடணும். பரமண்டல ஜெபம் ஒண்ணு, அருள்நிறைஞ்ச மரியே மூணு. அப்புறம்தான் பாயை ஏத்திக் கிழக்க திருப்பணும். இடி விழுந்து எங்க கோபுரத்துக்கு அப்ப மேல்பாதி கிடையாது, மொட்டையா, கறுப்பா நிக்கும். அதை எவன் முதல்ல பார்த்து ‘கோயில்’னு கூவுதானோ, அன்னைக்குக் குழம்புல மீன் தலை அவனுக்கு. தண்டல் கையால எடுத்து அவன் தட்டுல வைக்கணும். தண்டலே ஆனாலும் அந்தத் தலையைத் தொடக் கூடாது.

அன்னைக்கு நல்ல பாறை மீனு. தலை மட்டும் ஒரு தேங்காய் அளவு. நான்தானே அறுத்தேன்.

கடல் மேல மூட்டமா இருந்துச்சு. அடுப்படியில இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன், மூட்டத்துக்குள்ள கறுப்பா, மொட்டையா ஒண்ணு. கோயில்னு கூவிட்டேன். தோணி முன்பக்கம் அணியத்துல நின்னவன்கூட இன்னும் பார்க்கல. என் கண்ணு அப்படி. தண்டல் திரும்பிக்கூடப் பார்க்கல, தொபியாஸ் சொன்னா சரின்னு பாயை இறக்கச் சொல்லிட்டாரு. பாய் தடதடன்னு விழுந்துச்சு. ஒன்பது பேரும் முழங்கால் போட்டோம். தண்டல் ஜெபத்தை ஆரம்பிச்சாரு.

ரெண்டாவது அருள்நிறைஞ்ச மரியே ஓடுது. குழம்பு அடிப்பிடிக்குமோன்னு ஒரு கண்ணைத் திறந்தேன் சார். கோயில் நகருது.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. இப்ப எனக்கே சிரிப்பு வருது, அன்னைக்கு வரல. மூட்டம் விலகுது, கோயிலுக்குக் கீழ நீளமா இரும்பு உடம்பு தெரியுது, முன்னாடி ஒரு பீரங்கி. அதுக்குப் பின்னாடி ரெண்டு பேர் நிக்கான், பீரங்கி வாய் நேரா என் நெத்தியைப் பார்க்குது. ஆனா சுடல. எங்களையே பார்த்துக்கிட்டு நிக்கான். பாய் கீழ கிடக்கு, ஒன்பது பேர் அவனைப் பார்த்துக் கைகூப்பி முழங்கால்ல நிக்கோம், மத்த எட்டுப் பேர் கண்ணைக்கூடத் திறக்கல. அவன் என்ன நினைச்சானோ. என் காலு குதிச்சிட்டு.

பயந்து குதிச்சேன்னு எழுதாதீங்க. பயம் வேற, காலு தானா எடுக்கிறது வேற. நான் குதிக்கணும்னு நினைக்கவே இல்ல, பார்த்தா தண்ணிக்குள்ள இருக்கேன். நீரோட்டம் என்னை நேரா அவன்கிட்டயே கொண்டுபோயிட்டு. அவங்கதான் கயிறு போட்டு இழுத்தாவ. இரும்புல ஒட்டியிருந்த சிப்பி கிழிச்சது, இந்தா பாருங்க தழும்பு, முட்டியில இருந்து கணுக்கால் வரைக்கும்.

மேல போனா எல்லாம் சின்னப் பயலுவ சார். எலும்பும் தோலுமா, உடம்பெல்லாம் சிரங்கு. பல் ஈறுல ரத்தம். ஒருத்தன் துடைச்சுக்கன்னு இந்தத் துண்டைக் கொடுத்தான். சலேத்து, அந்தப் பெட்டியில இருக்கிறதை எடுத்தா. இந்தா, பாருங்க. ஓரத்துல மூணு எழுத்து இருக்கா, ஜப்பான் எழுத்து. படிக்கத் தெரிஞ்சவர்கிட்டக் காட்டுங்க. தண்டல் இதை எரிச்சிருன்னு சொன்னான். நான் இடுப்புல சுத்தி மறைச்சு வச்சேன். என்னைக்காவது இதை வச்சு அவனை மாட்டி விடலாம்னு அப்பவே தோணிச்சு.

அப்புறம் ரெண்டு பேர் என் தோளைப் பிடிச்சு அந்த மூடி பக்கம் நடத்தினான். உள்ள கொண்டுபோகப் பார்க்கான். உள்ள போனா எங்க வெளிய வர. எனக்கு மூத்திரம் போயிட்டு, அதையும் பதிஞ்சுக்கோங்க, நான் ஒண்ணையும் மறைக்கிறவன் கிடையாது.

அப்பத்தான் பாக்கேன், தண்டல் தனியா வாறான். தோணியோட கட்டியிருக்கிற சின்ன வத்தையைத் தள்ளிக்கிட்டு, நின்னுக்கிட்டே துடுப்புப் போட்டு வாறான். பீரங்கி அவன் பக்கம் திரும்புச்சு. அவன் ஒரு கையைத் தூக்கினான். கையில ஒரு வெங்காயம். அதைக் காட்டுதான், என்னைக் காட்டுதான். மறுபடி வெங்காயம், மறுபடி நான். அந்த ஆபீசர் வெங்காயத்தை வாங்கித் தோலோட கடிச்சான் சார். கண்ணுல தண்ணி ஊத்துது, நிறுத்தவே இல்ல, முழுசையும் தின்னுட்டான். தின்னுட்டு மூணு விரலைக் காட்டினான். அப்புறம் தண்ணி வேணும்னு வாயில கை வச்சுக் காட்டினான்.

மூணு மூட்டை வெங்காயம், ரெண்டு பீப்பா குடிதண்ணி. வத்தையில மூணு நடை கொண்டுவந்து கொடுத்துட்டு, கடைசி நடையில என்னை ஏத்திக்கிட்டுப் போனான். இதுதான் சண்டை. இதுதான் வீரம்.

நீங்களே சொல்லுங்க, எதிரிக்குத் தண்ணி கொடுக்கிறவனுக்கு என்ன பேரு? அந்தக் காலத்துல தூக்குத் தண்டனை சார் அதுக்கு. முதலாளி சரக்கைத் தூக்கி ஜப்பான்காரனுக்குக் கொடுத்தவனுக்கு எட்டடிக் கல்லா? ஜப்பான்காரனெல்லாம் என்னைச் சுத்தி நிக்கும்போது பாயை ஏத்திட்டு நைசாப் போயிருக்கலாம். சுக்கான் பிடிக்கிறவர் சொல்லியும் இருக்காரு, ‘தண்டல், ஒருத்தனுக்காக எட்டுப் பேரைக் கொல்லாத, போயிருவோம்’னு. கேக்கலையே. உங்க புஸ்தகத்துல துரோகம்னு பெரிய எழுத்துல போட்டு...

என்ன சொன்னீங்க? ஆமா, காப்பாத்தினான். நான் இல்லைன்னா சொன்னேன்? காப்பாத்தினது வேற, அப்புறம் செய்தது வேற. எல்லாரும் இங்கதான் தப்புப் பண்ணுதாவ. மிச்சத்தையும் கேளுங்க.

கப்பல் முங்கிப் போனதும் தண்டல் எங்க எல்லாரையும் மாதா படத்துல கை வைக்கச் சொன்னான். நடந்தது ஒண்ணும் வெளிய வரக் கூடாது, நான் விடுற வரைக்கும் இந்தச் சத்தியம் உங்களைப் பிடிக்கும்னான். வெங்காயத்தை எறிஞ்சு விரட்டினோம், அவ்வளவுதான்னான். ஒன்பது பேரும் சத்தியம் பண்ணினோம். அதுதான் சார் நான் இத்தனை வருஷம் வாயைத் திறக்காத காரணம். மாதா மேல வச்ச சத்தியம். மத்தவனெல்லாம் செத்தாச்சு, நான் ஒருத்தன்தான் பாக்கி. இன்னைக்கு உங்ககிட்ட உடைக்கேன். நரகத்துக்குப் போனாலும் போறேன், அங்கேயும் கயித்தான் மச்சாது இருப்பான்லா, அங்க வச்சுக் கேப்பேன்.

கொழும்பு போய்ச் சேர ரெண்டு நாள் ஆச்சு. ஒரே ஒரு பீப்பா தண்ணி, அதுலயும் பாதி. ஆளுக்கு ஒரு சிரட்டை. தண்டல் தன் சிரட்டையை என்கிட்ட நீட்டினான், உப்புத்தண்ணி குடிச்சிருக்கே, நீ குடின்னு. எல்லார் முன்னாடியும். அது எதுக்கு? என்னைச் சின்னவனாக்கத்தானே? குடிச்சேன். என்ன செய்ய, நாக்கு ஒட்டிக்கிட்டு.

அதைவிடப் பெருசு கேளுங்க. அன்னைக்குச் சாயங்காலம் குழம்பு பரிமாறுதாவ. அடிப்பிடிச்ச குழம்பு. தண்டல் சட்டியில கையை விட்டு அந்தப் பாறை மீன் தலையை எடுத்து என் தட்டுல வைக்கான். கோயில்னு கூவினவனுக்குத் தலைன்னான். எல்லாரும் என்னையே பாக்கான். எப்படிப்பட்ட கேலி பாருங்க. கப்பலைக் கோயில்னு சொன்ன குருட்டுப் பயலே, தின்னுன்னு அர்த்தம். எனக்கு உச்சந்தலையில ஏறிட்டு. தலையைத் தூக்கிக் கடல்ல எறிஞ்சேன். அன்னைக்கு ராத்திரி தண்டலும் சாப்பிடல.

கொழும்புல போலீஸ்காரன் ஏறினான், அந்த ஊர் ஆளும் ஒரு வெள்ளைக்காரனும். என் காலைப் பார்த்துட்டான். இது எப்படிக் கிழிஞ்சுதுன்னு என்னைப் பார்த்துக் கேக்கான். நான் வாயைத் திறக்கதுக்குள்ள தண்டல் முந்திக்கிட்டுச் சொன்னான், ‘இவன் பயந்து கடல்ல குதிச்சிட்டான், நங்கூரச் சங்கிலி கிழிச்சிட்டு’ன்னு. வெள்ளைக்காரன் சிரிச்சான். காயிதத்துல எழுதிக்கிட்டான். அந்த ஒரு வரிதான் சார். அந்த ஒரு வரி எனக்கு முன்னாடி ஊருக்கு வந்துட்டு. தோணியை விட்டு இறங்கி நான் வீட்டுக்கு நடந்து வாறேன், வலை பின்னிக்கிட்டிருந்த ஒருத்தன், ‘என்னலே குதிச்சான், காலு எப்படி இருக்கு’ன்னான். கப்பலை விரட்டினதுக்குத் தண்டலுக்கு வெள்ளைக்காரத் துரை கையால கைக்கடிகாரம், எனக்கு இந்தப் பேரு.

அறுபத்திநாலுல அவன் படுத்தான். சாமியார் வந்து சாகப்போறவங்களுக்குக் கொடுக்கிற பூசுதல் கொடுத்தாச்சு. தோணியில இருந்தவங்களை ஒவ்வொருத்தரா வரச்சொல்லி ஆள் அனுப்பினான். அப்ப உயிரோட இருந்த அஞ்சு பேரும் போனாவ. என்னை மட்டும் மூணு தரம் கூப்பிட்டு விட்டான், கடைசித் தரம் மகன் ரெமிஜியுஸே வந்தான். நான் போகல. சாகப் போறவன் மன்னிப்புக் கேப்பான், நான் அங்க நின்னு தலையை ஆட்டணுமாக்கும்? மாட்டேன். மன்னிப்புக் கிடைக்காமலே போகட்டும். துக்க மணி அடிச்சப்ப நான் கடற்கரைக் கடையில ரெண்டு கிளாஸ் டீ வாங்கிக் குடிச்சேன், ஒண்ணு பின்னால ஒண்ணு. அன்னைக்கு மாதிரி ருசியா நான் டீ குடிச்சதே இல்ல.

அந்த அஞ்சு பேரும் வெளிய வந்தாவளே, அதுக்குப் பிறகாவது ஒருத்தன் நெசத்தைச் சொல்லணும்லா? ஒருத்தனும் சொல்லல. மிளகாய் மிளகாய்னே சொல்லிக்கிட்டுச் செத்தானுவ. எல்லாம் கூட்டுச் சதி. ஏதோ சொல்லிக் கட்டி வச்சிருக்கான்.

சாட்சியா? அவன் கடைசியா என்ன சொன்னான்னு யாருக்குத் தெரியும்னு கேக்கீங்களா? இவ போனா சார். என் பொண்டாட்டி. எனக்குத் தெரியாம, கஞ்சி கொடுக்கப் போற மாதிரி போயிருக்கா. வந்து, ‘உங்ககிட்டச் சொல்லச் சொல்லி ஒண்ணு சொன்னாவ’ன்னு ஆரம்பிச்சா. அந்தப் பேரை இந்த வீட்டுல எடுத்தா உன் கையால ஒரு பருக்கை தின்னமாட்டேன்னேன். அதோட வாயை மூடிக்கிட்டா. இருபத்தொரு வருஷம்.

இப்ப அவகிட்டயே கேட்டா என்னவா? நல்லாக் கேட்டீங்க சார். இது எனக்குத் தோணவே இல்லையே. சாகும்போது சொன்னது கோர்ட்டுலயே செல்லும்பாவ. அவன் வாயாலேயே பொய்னு ஒத்துக்கிட்டிருந்தா, அதைவிட வேற என்ன வேணும்? ரெமிஜியுஸ் மூஞ்சி எங்க போகுதுன்னு பாக்கேன். ஏட்டி சலேத்து, இங்க வா. இப்படி உட்காரு. அவன் அன்னைக்கு என்ன சொன்னான், சொல்லு. நான் சொல்லச் சொல்லுதேன்லா, சொல்லு. ஒரு வார்த்தை விடாம சொல்லு.

இவ குரல் உங்க டேப்புல விழாது சார். நான் திருப்பிச் சத்தமாச் சொல்லுதேன், பதிஞ்சுக்கோங்க.

ம். ‘தொபியாஸ்கிட்டச் சொல்லு.’ சரி. ‘அவனைச் சத்தியத்துல இருந்து விட்டாச்சு.’ என்னது? விட்டுட்டானா? அறுபத்திநாலுலயே விட்டுட்டானா? சரி, சொல்லு. ‘அன்னைக்கு அவன் கோயில்னு கூவலைன்னா, நான் கப்பலைப் பார்த்ததும் பாயை விரிச்சு ஓடியிருப்பேன். ஓடியிருந்தா சுட்டிருப்பான். ஒன்பது பேரும்...’ மெதுவாச் சொல்லுட்டி. ‘ஒன்பது பேரும் செத்திருப்போம். பாய் இறங்கிக் கிடந்ததையும், நாங்க முழங்கால்ல நின்னதையும் பார்த்துத்தான் ஜப்பான்காரன் சுடல. எங்க உசிரைக் காப்பாத்தினது தொபியாஸ் கூவின கூவல்.’

ம். சொல்லு.

‘போலீஸ்காரன் காலைப் பார்த்துட்டான். ஜப்பான்காரன் கப்பல்ல ஏறினவன்னு தெரிஞ்சா உளவாளின்னு பிடிச்சுட்டுப் போயிருப்பான். வாயில வந்ததைச் சொன்னேன். அது இப்படிப் பேராகும்னு தெரியாது. எனக்கு மாலை போட்டப்பல்லாம் சொல்லிரணும்னு நினைச்சேன். துணியல. அது என் தப்பு.’

தப்புன்னு சொன்னாராமா? அவரு?

‘மத்த அஞ்சு பேர்கிட்டயும் சொல்லியிருக்கேன், தொபியாஸ் முதல்ல சொல்லட்டும், அப்புறம் நீங்க அவன் பின்னாடி நின்னு ஆமான்னு சொல்லுங்கன்னு. கோயில்னு கூவினவன் அவன். அவன் வாயாலதான் ஊருக்குத் தெரியணும். வரச் சொன்னேன், வரல.’

அவ்வளவுதானா? இன்னும் இருக்கா. சொல்லு.

‘அந்த மீன் தலை கேலி இல்லன்னு சொல்லு.’

இருங்க சார். ஒண்ணும் இல்ல. தண்ணி வேண்டாம்.

அஞ்சு பேர் இருந்தாவ சார். தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தவர்கூட அதுல உண்டு. அஞ்சு பேரும் நான் வாயைத் திறப்பேன்னு பார்த்துக்கிட்டே இருந்திருக்காவ. எதிர்ல வந்தா நின்னு என் மூஞ்சியைப் பாப்பாவ. நான் காறித் துப்பிட்டுப் போவேன். அறுபத்திநாலு அது. மெட்டில்டாவுக்கு இடம் வந்தது அறுபத்தேழு. மூணு வருஷம். அந்த வடக்கூர்க்காரன் வந்து விசாரிச்சப்ப ஊர்ல நான் யாரா இருந்திருப்பேன்?

ஏட்டி, அப்பவாவது சொல்லியிருக்கலாம்லாட்டி. அவ கல்யாணம் நின்னப்பவாவது.

என்ன சொல்லுதா தெரியுமா சார்? டேப்புல விழுந்திருக்காது. ‘அன்னைக்குச் சொல்ல வந்தேன். தண்டல்னு வாயெடுத்தேன். நீங்க சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க.’

ஆமா. போனேன்.

வேண்டாம் சார், நிறுத்தாதீங்க. அதுவும் விழட்டும். நாளைக்குப் பத்து மணிக்குன்னேன்லா. நீங்க எந்திரிச்சுப் பேச வேண்டாம். நானே பேசுதேன். அந்தக் கல்லுல என் காலு இருக்கே, அதைக் கொத்தினவன் சரியாத்தான் கொத்தியிருக்கான், அது அப்படியே இருக்கட்டும். அவரு கையில இருக்கிறது மட்டும் வெங்காயம்னு சொல்லணும்.

மெட்டில்டாவுக்கு ஒரு தந்தி கொடுக்கணும் சார். தபாலாபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். அவளுக்கு என்னன்னு எழுதுறதுன்னுதான் தெரியல. நீங்க எழுதுறவர், நீங்க சொல்லுங்க.